கழற்றாத பூட்ஸ்

அந்த ஜெர்மன்காரர் என்னைப் பார்த்ததும் செய்த முதல் காரியம் என் கையை முகர்ந்து பார்த்ததுதான். நான் குலுக்குவதற்காகத்தான் நீட்டினேன். அவர் பிடித்த கையை விடாமல் மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார். மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவனை அவமானப்படுத்த இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது இரண்டு தரம் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்து, மேலே அத்தர் தடவிக்கொண்டு போகிறவன் நான். அப்படியும் அந்த வாடை விரல் இடுக்கில் உட்கார்ந்திருக்கும்.

“சுண்ணாம்பு. மரப்பட்டை” என்றார் அவர், தன் உடைந்த ஆங்கிலத்தில். பிறகு கையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி மெதுவாக விட்டுவிட்டுச் சொன்னார்: “இது என் அப்பாவின் கை.”

அறுபதுகளின் தொடக்கம் அது. ஜெர்மனியில் கால்பந்து ஆடிப் பெயர் வாங்கி, அப்புறம் பயிற்சியாளராகித் தேசம் தேசமாகப் போய் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். மதராஸில் ஒரு வருட ஒப்பந்தம். ஊர் ஊராகப் போய் மூன்று வாரம் தங்கி, உள்ளூர் ஆட்டக்காரர்களைப் பழக்கி, கடைசியில் ஒரு பந்தயம் வைத்து, ஊருக்கு ஒருவனைப் பொறுக்கி மதராஸ் முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முகாமில் தேறினால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும். வேலை என்பது பெயருக்குத்தான், ஆட்டம்தான் வேலை.

எங்கள் திண்டுக்கல்லுக்கு அவர் வந்தபோது அவர் பேசும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள ஆள் தேடினார்கள். அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொல் எங்கே வரும் என்று அவருக்கே தெரியாது. நான் மாமுவின் தோல் ஷாப்புக்காக மதராஸ் ஏஜெண்டுகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவன். அதோடு இடது ஓரத்தில் ஆடுகிறவன். ஆகவே மூன்று வாரமும் நான் அவருக்கு வாயாகவும் இருந்தேன், காலாகவும் இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

மாமுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மாவின் அண்ணன். என் பதினைந்தாவது வயதில் அத்தா இறந்ததும் எங்கள் இரண்டு பேரையும் பேகம்பூர் வீட்டுக்குக் கூட்டிவந்தவர். அன்றிலிருந்து நான் உண்ட சோறு, உடுத்திய கைலி, படித்த படிப்பு எல்லாம் அவருடையது. என்னைத் தரம் பிரிக்கும் மேஜையில் பழக்கினார். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் தடவி, கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த இடம், சுண்ணாம்பு தின்ற இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று கூவ வேண்டும். எதிரே நிற்பவர் அதற்கான அடுக்கில் போடுவார். எனக்குக் கை பேசியது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பிரிப்பேன், ஒன்று தப்பாது. அவருடைய மகளை எனக்குத்தான் என்று, அவள் பாவாடை கட்டிய காலத்திலேயே, இரண்டு வீட்டிலும் அல்ல, ஒரே வீட்டில் வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள்.

மாமு கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். திட்டிவிட்டு ஓடிப்போயிருப்பேன். அவர் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. முகம் சுளித்துப் பேசியதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் மேஜையை விட்டு மைதானத்துக்கு நழுவுவதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருப்பார். ஒரு மனிதனை எப்படியெல்லாம் கட்டிப்போடலாம் என்று யாராவது கேட்டால், ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், போதும் என்பேன்.

காலை எழுந்ததும் குளியல், தொழுகை, ஷாப். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி, ஆவாரம்பட்டை ஊறும் குழிகளைத் தாண்டி, மேஜை. மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல். அதன் வழியே மலைக்கோட்டைப் பாறை தெரியும். பாறை மட்டும்தான் தெரியும், அதற்கு மேல் இருக்கிற வானம் தெரியாது. எட்டு வருடம் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டே தோல் தடவினேன். இன்னும் நாற்பது வருடம் இதே பாறைதான் என்று சில நாள் திடீரென்று தோன்றும். அப்போது மூச்சு முட்டும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நிற்பேன்.

ஜெர்மன்காரர் பயிற்சிக்கு நடுவே எங்களை உட்காரவைத்து, கிளாஸில் டீ குடித்தபடி தன் கதையைச் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். அவர் பிறந்தது ஆற்றங்கரையில் ஒரு தோல் ஊர். ஊரே தோல்தானாம். அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஷாப். பதினேழு வயதில் பக்கத்து நகரத்துக் கிளப் அவரைக் கூப்பிட்டது. போகாதே என்றார் அப்பா. இவர் பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நடுக்களத்தில் ஆடினார். இருபது வயதில் தேசிய அணியின் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவை அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தாராம், பந்தயத்தில் அல்ல, பயிற்சியில். அதற்குள் யுத்தம். சிப்பாயானார். பிடிபட்டார். முள்கம்பிக்குள் நான்கு வருடம். அங்கேயும் துணியைச் சுருட்டிப் பந்து கட்டி ஆடியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது முப்பது வயது, ஒரு முழங்கால் போய்விட்டது. இன்னும் மூன்று வருடம் நொண்டி நொண்டி ஆடிவிட்டு, பயிற்சியாளர் படிப்புப் படித்து, இரண்டாம் வரிசை கிளப் ஒன்றை முதல் வரிசைக்கு ஏற்றினார். அடுத்த வருடமே அது கீழே இறங்கியது. அவரை வெளியே அனுப்பினார்கள். அப்புறம்தான் அவருடைய சர்க்கார் அவரை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது.

“துரை பாவம்ப்பா, ஊருக்கு ஊரு பந்தத் தூக்கிக்கிட்டு அலையிறாரு” என்றான் எங்கள் கோல்கீப்பர். அகரத்துக்காரன். வீட்டில் செவ்வந்தியும் மல்லிகையும் போட்டிருந்தார்கள். காலையில் பூக்கூடையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே சைக்கிளில் மைதானத்துக்கு வருவான். அவன் மேல் எப்போதும் பூ வாடை. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று எல்லாரும் கேலி பண்ணுவார்கள்.

அவனுக்கு அலைச்சலாகத் தெரிந்தது எனக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது. நம்மைப் போலவே தோல் வாடையில் பிறந்தவர், நம்மைப் போலவே போகாதே என்று சொல்லப்பட்டவர், கால் ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிவிட்டாரே! அன்றைக்கு முடிவு செய்தேன். ஊருக்கு ஒருவன் என்றால் இந்த ஊருக்கு அந்த ஒருவன் நான். முதல் வாரக் கடைசியில் அவரே சொன்னார்: “உன் இடது கால் நல்ல கால். பந்தயத்தில் இதே மாதிரி ஆடு. மதுரை அணியோடு ஆடும்போது ரயில்வே அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார்.” நான் இதை யாருக்கும் தமிழில் சொல்லவில்லை.

ஆனால் மாமுவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். ஷாப்பில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மதராஸுக்கா?”

“ஆமா மாமு.”

“ஒங்கம்மாட்ட சொல்லிட்டியா?”

“இல்ல மாமு. மொதல்ல ஒங்ககிட்டதான்.”

“ம்” என்றார். “மொதல்ல ஆட்டத்துல ஜெயிங்க. பெறகு பாப்பம். ஆமா, என்னத்தப் போட்டுக்கிட்டு ஆடப் போறீக?”

அதுதான் எங்கள் கஷ்டம். நாங்கள் எல்லாரும் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். ஜெர்மன்காரர் பூட்ஸ் கட்டாயம் என்றார். வெளியுலகில் இனி வெறுங்காலுக்கு இடமில்லை, இப்போதே பழகுங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து ஜோடிப் பழைய பூட்ஸ் வாங்கி, முறை வைத்து மாட்டிவிட்டார். பதினொரு பேருக்குப் பூட்ஸ் எங்கே போவது?

“நம்ம கிட்ட இல்லாத தோலாலே?” என்றார் மாமு. “சீமைக்குப் போற தோலு நம்மளுது. அதுலயே எல்லாருக்கும் தச்சுப் போட்டுக்கிட்டு எறங்குங்க. மதுரக்காரன் பாத்து வாயப் பொளக்கட்டும்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போ என்று சொல்ல மனமில்லாதவர், போகிறவனுக்குக் காலில் போட்டு அனுப்புகிறார் என்று நினைத்தேன். தோலைப் பொறுக்கித் தரச் சொன்னார். நான் முதல் தரத்திலும் முதல் தரமாகப் பொறுக்கினேன். மெல்லிசு, வெண்ணெய் மாதிரி மிருது, ஆவாரம்பட்டைக்கே உரிய அந்தப் பொன் நிறம். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. தெருக்கோடியில் பூட்ஸ் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். போலீஸ் லைனுக்குத் தைத்துக் கொடுக்கிறவர். அவர் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமு எதிரே நின்றதால் “சரிங்க முதலாளி” என்று முடித்துக்கொண்டார். பத்தே நாளில் பன்னிரண்டு ஜோடி தயார்.

பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமு ஜெர்மன்காரரை ஷாப்புக்கு அழைத்தார். தரம் பிரிக்கும் மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பன்னிரண்டு ஜோடியையும் வரிசையாக வைத்திருந்தார். ஊர் வியாபாரிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களுக்குப் பால் சர்பத். மாமு புதுச் சட்டையும் ஜின்னா தொப்பியும் போட்டு நின்றார்.

ஜெர்மன்காரர் ஒரு பூட்ஸை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினார். எப்படித் தடவ வேண்டுமோ அப்படித் தடவினார்; தோல் தெரிந்தவர் விரல். பூட்ஸின் வாயை விரித்து உள்பக்கம் பார்த்தார். மடக்கினார். முகர்ந்தார். பிறகு தணிந்த குரலில், என்னைப் பார்க்காமல், பூட்ஸிடமே சொல்கிற மாதிரி சொன்னார்:

“இவ்வளவு மிருதுவான தோலை நான் பார்த்ததில்லை. என் அப்பா இதைப் பார்த்திருந்தால் உன் முதலாளியின் கையை முத்தமிட்டிருப்பார். ஆனால் இது பாதித் தோல். இந்த ஊரில் நீங்கள் பாதி வேலை செய்து எங்களுக்குக் கப்பலில் அனுப்புகிறீர்கள். மீதி வேலையை நாங்கள் அங்கே செய்கிறோம். கொழுப்பு ஏற்றுவோம், இறுக்குவோம், கையுறை ஆக்குவோம். பூட்ஸ் இதில் தைப்பதில்லை. மழை பெய்தால் முடிந்தது. இன்றைக்கே ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் காய்ச்சித் தேய்க்கச் சொல். மூன்று நாள் தேய்த்தால் ஒரு பந்தயத்துக்குத் தாங்கும். நிறம் கறுத்துப்போகும், போகட்டும்.”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

எனக்கு அது புதிய செய்தி அல்ல. நான் எழுதிய கடிதங்களில் அரைப் பதனீடு என்கிற பொருளில் ஒரு வார்த்தை நூறு தரம் வந்திருக்கிறது. எழுதுகிற எனக்குப் பொருள் தெரியும். அது என் கையில் இருக்கிற தோலைத்தான் சொல்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் ஊரில் யாருமே யோசித்ததில்லை. தோல் மூட்டை ரயிலேறியதும் எங்கள் வேலை முடிந்தது. முடிந்த வேலையை முழு வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். முப்பது வருடம் தோல் பதனிட்ட மாமு, தன் தோல் கடைசியில் என்னவாகிறது என்று கண்ணால் கண்டதில்லை.

அதை வியாபாரிகள் முன்னால், வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு முன்னால், அவருடைய சோற்றைத் தின்று வளர்ந்த நான் சொல்ல வேண்டும். உங்கள் தோல் பாதித் தோல் மாமு, இந்தப் பொன் நிறத்தின் மேல் கொழுப்பைப் பூசிக் கறுப்பாக்கச் சொல்கிறார் மாமு.

“என்னலே சொல்றாரு?” என்றார் மாமு.

“இம்புட்டு மெதுவான தோலு அவரு பாத்ததே இல்லையாம். அவுக அத்தா பாத்திருந்தா ஒங்க கைய முத்தியிருப்பாராம்.”

மாமுவின் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். வியாபாரிகள் தலையாட்டினார்கள். மாமு ஜெர்மன்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அப்போது என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஜெர்மன்காரர் கேட்டார்: “எல்லாவற்றையும் சொன்னாயா?”

“சொன்னேன்.”

என் ஜோடிக்காவது ரகசியமாகக் கொழுப்புத் தேய்த்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பந்தய நாள் வரைக்கும் பன்னிரண்டு ஜோடியும் அந்த மேஜையிலேயே இருந்தன. மாமு போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சாயங்காலம் தன் கையாலேயே துணி போட்டு மூடி, பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஐப்பசி மாதம். மழை பெய்யாமல் இருக்க வேண்டும் என்று ஐப்பசியில் துஆ கேட்ட ஒரே ஆள் திண்டுக்கல்லில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மதியம். கோட்டு ஓரத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் ரயில்வே அதிகாரி, பக்கத்தில் மாமு. நாங்கள் பூட்ஸோடு இறங்கியதும் ஜனங்கள் கை தட்டினார்கள். வெயிலில் பதினொரு ஜோடியும் பொன்னாக மின்னின. மதுரைக்காரர்கள் நிஜமாகவே எங்கள் காலைத்தான் பார்த்தார்கள். இருபது நிமிடம் நாங்கள் ஆடியது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஆடியதில்லை. நான் இரண்டு தரம் ஓரத்தில் ஓடிப் பந்தை உள்ளே போட்டேன். ஜெர்மன்காரர் கோட்டோரமாகத் தன் நொண்டிக் காலோடு என் கூடவே ஓடி வந்தார்.

சிறுமலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. தூறல் என்று நினைப்பதற்குள் கொட்டிவிட்டது. ஐந்தே நிமிடத்தில் தோல் குடித்த தண்ணீரில் பூட்ஸ் கனத்தது. பத்தாவது நிமிடத்தில் இளகிக் காலை விட்டுப் பெரிதாகியது. வலது பக்கம் வெட்டினால் பூட்ஸ் மட்டும் வலது பக்கம் போயிற்று, கால் உள்ளேயே வழுக்கியது. அடியில் அறைந்திருந்த குமிழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எங்கள் ஆட்கள் தண்ணீரில் விட்ட கோழிக்குஞ்சு மாதிரித் தத்தளித்தார்கள். மதுரைக்காரன் ஒரு கோல் போட்டான்.

இடைவேளையில் ஜெர்மன்காரர் எங்களைச் சுற்றி நிற்க வைத்தார். அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் பூட்ஸைக் கழற்றுங்கள். வெறுங்காலோடு ஆடுங்கள்” என்றார்.

அதை என் வாயால்தான் சொன்னேன். எல்லாரும் பூட்சக் கழட்டுங்கப்பா, வெறுங்கால்ல ஆடுவோம்.

பத்துப் பேரும் கழற்றினார்கள். அகரத்துக்காரன்தான் முதலில் கழற்றினான். கழற்றி, அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரித்தான். பத்து ஜோடியும் கோட்டோரம் குவியலாகக் கிடந்தன. பொன் நிறமெல்லாம் போய்ச் சேறு. அங்கிருந்து முப்பது அடியில் பந்தல். பந்தல் ஒழுகியதால் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மாமு மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை. யாரோ பிடித்த குடைக்குக் கீழேயும் நனைந்தபடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கை கயிற்றின் முடிச்சு வரைக்கும் போனது.

“நீ?” என்றார் ஜெர்மன்காரர்.

“என் பூட்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நாற்காலியைப் பார்த்தார். விசிலைக் காட்டிப் போகச் சொன்னார்.

வெறுங்காலோடு எங்கள் ஆட்கள் பழைய ஆட்கள் ஆனார்கள். சேற்றில் பிறந்து சேற்றில் ஆடியவர்கள். மதுரைப் பூட்ஸ்கள் அவர்கள் பின்னாலேயே ஓடின. ஒரு கோலைத் திருப்பினோம். அகரத்துக்காரன் விழுந்து விழுந்து பிடித்தான். மூன்று நிச்சயமான கோல்களை அவன் ஒருவனே தடுத்தான். நான் ஓரத்தில் பூட்ஸை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து என்னிடம் வந்தது. அவர்கள் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான். கோல் திறந்து கிடந்தது. ஆறு அடி. என் அம்மா அடித்திருந்தாலும் கோல்தான். நல்ல கால் என்று அவர் சொன்ன இடது காலை வீசினேன். கால் பூட்ஸுக்குள் புரண்டது. பந்து மூலைக் கொடிப் பக்கம் போய்ச் சேற்றில் நின்றது.

ஆட்டம் சமம். மதராஸ் முகாமுக்கு அகரத்துக்காரனை எடுத்தார்கள்.

ஜெர்மன்காரர் இரண்டு நாள் கழித்து வத்தலக்குண்டு பஸ்ஸில் கிளம்பினார். கொடைக்கானலில் குளிர் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த ஊருக்குப் போகுமுன் ஒரு வாரம் தன் ஊர்க் குளிரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். என்மேல் எனக்கே இருந்த ஆத்திரத்தை அவர்மேல் திருப்பினேன்.

“உங்களுக்கு என் நிலைமை தெரியாது” என்றேன்.

“தெரியும்” என்றார். “நான் பின்வாசல் வழியாகப் போனவன். அப்புறம் அப்பா எனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. நான் முள்கம்பிக்குள் இருந்தபோது இறந்துபோனார். யார் செய்தது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் பயிற்சியாளன். கழற்று என்றால் கழற்றுகிறவனைத்தான் நான் கூட்டிப்போக முடியும்.”

பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலிலிருந்து ஏதோ கத்தினார். சத்தத்தில் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவருடைய வாழ்க்கை எனக்குத் தபால் அட்டைகளாக வந்தது. ஸ்டாம்பில் ஒட்டகம் போட்ட தேசத்தில் ஒன்றரை வருடம். வாழைக்குலை போட்ட தேசத்தில் எட்டு மாதம். அங்கே ராஜா மாறியதும் பயிற்சியாளரையும் மாற்றினார்கள். எரிமலை போட்ட தீவில் தேசிய அணியையே அவர் கையில் கொடுத்தார்கள். முதல் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார், தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். அடுத்த வருடம் தோற்றதும் அதே ஜனங்கள் பாட்டில் வீசினார்கள். எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதுவார். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரே கேள்வி: உன் முதலாளியிடம் மீதியைச் சொல்லிவிட்டாயா?

நிறம் மாறாத பூட்ஸைப் பந்தயத்தன்று பார்த்தபோதே அவருக்குப் புரிந்திருக்கிறது. நான் பதில் போட்டதில்லை. என்ன எழுதுவது? கல்யாணம் ஆயிற்று. மாமு மகள் நல்லவள். என் கையை முகர்ந்து பார்த்து, “எங்கத்தா வாடையே அடிக்கிது ஒங்க மேல” என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நிற்பேன். அகரத்துக்காரன் ரயில்வேயில் கோல்கீப்பராகி, பொங்கலுக்குப் பொங்கல் இலவச ரயில் பாஸில் வந்து, கல்கத்தாவைப் பற்றியும் பம்பாயைப் பற்றியும் சொல்வான். எனக்குப் பொறாமையாக இருக்கும். அதை மறைக்க அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு அட்டை வந்தது. எரிமலைத் தீவிலிருந்து அனுப்பிவிட்டார்கள், இன்னொரு தேசம் கூப்பிடுகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஒரு பெட்டி மட்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அடியில் அதே கேள்வி. தபால்காரர் அதை ஷாப்பிலேயே கொடுத்துவிட்டதால் மாமு பார்த்துவிட்டார். அவருக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. என் எதிரே நின்று, நான் கூவக் கூவத் தோலை அடுக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த வெள்ளக்காரரா? என்ன எழுதியிருக்காரு?”

படித்துக் காட்டினேன். ஏனோ அன்றைக்கு நிறுத்தத் தோன்றவில்லை. அடியில் இருந்த கேள்வியையும் படித்துவிட்டேன்.

“மீதியா? என்ன மீதி?”

சொன்னேன். பாதித் தோல் என்று சொன்னதை, கையுறைத் தோல் என்று சொன்னதை, கொழுப்புத் தேய்க்கச் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். மாமு கையிலிருந்த தோலை அடுக்கில் போட்டார்.

“அவரு மூஞ்சி போன போக்கப் பாத்தேன்ல, அன்னைக்கே தெரியும்லே எனக்கு. தோலத் தடவுறவன் மூஞ்சியப் பாத்துத்தான இத்தன வருசமா யாவாரம் பண்றேன்” என்றார். “நீ வேற என்னமோ சொன்ன. சரி, சபையில வேணாம்னு விட்டுட்டான், ராவுக்கு வீட்டுல வந்து சொல்லுவான்னு இருந்தேன். நீ சொல்லல.”

“நீங்க கேட்டிருக்கலாமுல்ல மாமு.”

“கேட்டிருக்கலாம்தான். ஒன்ன அனுப்ப எனக்கு மனசில்ல மாப்ள. அதான் கேக்கல.” மங்கிய கண்ணால் ஜன்னல் பக்கம் பார்த்தார். “ஆனா மழையில அம்புட்டுப் பயலும் கழட்டிப் போட்டான் பாரு, அப்பம் நெனச்சேன். இவனும் இப்பக் கழட்டிருவான், கழட்டிட்டான்னா போகட்டும், நம்ம குறுக்க நிக்கக் கூடாதுன்னு. ஒங்கம்மாகிட்ட என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சுட்டேன். அதுக்குத்தான் நனஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். நீ கடைசி வரைக்கும் கழட்டவே இல்ல. சரி, இவனுக்கே போக இஷ்டமில்ல போலன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.”

அவர் அடுத்த தோலுக்குக் கையை நீட்டிக் காத்திருந்தார். நான் ஒன்றை எடுத்து விரித்தேன். தடவினேன். எதிரே பாறை தெரிந்தது. “முதல் தரம்” என்று கூவினேன். அவர் வாங்கிப் போட்டார். இன்னொன்றை விரித்தேன். சாயங்காலம் வரைக்கும் கை போன போக்கில் கூவிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு நான் பிரித்த தோல் அத்தனையையும் மறுநாள் காலை முதலிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது.